இரும்புப் பல்லும் மூன்றாவது ஓலையும்

எது ரொம்ப நாள் தாங்கும் என்று கேட்டால், "தெரியலையே" என்று பதில் சொல்லும் மெக்கானிக்கை நான் இன்றுவரை பார்த்ததில்லை. செருப்பு, சீலிங் ஃபேன், சம்பந்தி உறவு என்று எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். கேட்டவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் மூளை மெதுவாக எழுந்து வந்து, "என்ன கேட்டார்?" என்று விசாரிக்கும். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணம் ஆகப்போகிற வயதில், நான் இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரியாக விளங்கினேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பார்கள்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் எனக்கு டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை. தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. செத்துப்போன செட்டுகளைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். பிரிக்கத் தெரியும். திரும்ப மாட்டத் தெரியும். மாட்டிய பிறகு மிச்சமாகும் ஸ்குரூக்களைக் கஸ்டமர் பார்க்காமல் மேஜை டிராயருக்குள் தள்ளவும் தெரியும். (டிராயர் நிறைந்துவிட்டதால் ஒருமுறை மேஜையையே மாற்ற வேண்டியதாயிற்று.)

அப்போதுதான் ஸ்டெல்லாவை எனக்குப் பேசி முடித்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில், நிச்சயம் ஆனதும் கோயிலில் 'ஓலை' வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை நேரத்தில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். மூன்றாவது ஓலை முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை முழு மாப்பிள்ளை இல்லை. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் மாதிரிதான்.

எனக்கு அந்தக் காத்திருப்பு கொஞ்சம் கூடுதல் கலக்கம். ஸ்டெல்லாவின் அம்மா லூர்து அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவர் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளை ரெஜினால்ட். பேங்க் வேலை. எந்நேரமும் வெள்ளை சஃபாரி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் தலைக்கு மேலே ஓடும் கடிகாரத்தைப் பார்ப்பான். "அந்தப் புள்ள பேனா புடிக்கிற கை. இவன் கையைப் பாரு, எந்நேரமும் கிரீஸு" என்று அத்தை எனக்குக் கேட்கும்படியே சொல்வார். பாஸ்கல் மாமாவும் ஸ்டெல்லாவும் உறுதியாக நின்றதால்தான் என் பெயர் ஓலையில் ஏறியது.

பாஸ்கல் மாமா, ஸ்டெல்லாவின் அப்பா, வளைகுடாவில் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அங்கே போய் வந்தவர்கள் டூ-இன்-ஒன் கொண்டு வருவார்கள், கம்பளி கொண்டு வருவார்கள். இவர் ஒரு விமானம் கொண்டு வந்தார். ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானம். கட்டிலைவிட நீளமான இறக்கை. பெட்ரோலில் ஓடும் என்ஜின். அந்த என்ஜின் மரம் அறுக்கும் மெஷினுக்குச் சொந்தக்காரச் சாதி. ஸ்டார்ட் செய்தால் விமானம் மொத்தமும் குளிர்ஜுரம் கண்டவன் போல உதறும். பறக்காத நாட்களில் அது ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும். விருந்தாளிகள் இறக்கைக்கு அடியில் குனிந்து போய்த்தான் காபி குடிக்க வேண்டும்.

"இந்த ஊட்ல எனக்கு ஒரு பீரோ வெக்க எடம் கெடையாது. அதுக்கு மட்டும் ஏர்போர்ட்டு கீது" என்பது அத்தையின் நிரந்தர வாசகம்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு முன், மாமா கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு சபதம் போட்டுவிட்டார். மாதா தேர் தெருவுக்கு வரும்போது ஆகாயத்திலிருந்து பூமாரி பொழியும், பொழிவது தன் விமானம். வயிற்றுப் பக்கம் மூடி வைத்த ஒரு பெட்டியைக்கூடப் பொருத்தியாயிற்று. பட்டனைத் தட்டினால் மூடி திறந்து பூ கொட்டும்.

சபதம் போட்ட கையோடு செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் வற்றிய ஓரமாக ஒத்திகை பார்த்தார். இறங்கும்போது விமானம் தரையில் நங்கென்று உட்கார்ந்தது. மாமா நேராக என் கடைக்கு வந்தார்.

"சர்வோ பூட்ச்சு மாப்ளே."

சர்வோ என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்ரோல் பங்கில் டப்பாவில் விற்கும் ஆயில்.

"இதுக்கா மாமா இவ்ளோ கவலை? ஒரு டப்பா வாங்கினு வந்து ஊத்திடலாம்."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். நியாயமாக அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்க வேண்டும். நல்ல மனுஷன், உட்கார்ந்து விளக்கினார். சர்வோ என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே குட்டி மோட்டார் ஒன்று, ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும் பல் சக்கரங்கள் நாலைந்து. கீழே நின்று குச்சியை அசைத்தால், மேலே அந்தப் பெட்டி வால் பலகையை இழுக்கும். பலகை ஏறினால் விமானம் ஏறும், இறங்கினால் இறங்கும். வால் பலகையின் சர்வோவுக்குள் ஒரு சக்கரத்தில் பல் உதிர்ந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் முழு செட் சக்கரங்களைப் பாக்கெட்டில் கொடுத்திருக்கிறார். வெள்ளை நைலான்.

"இது தாங்குமா? பெட்ரோல் என்ஜினு, உதறும். நீ மெக்கானிக்காச்சே, பாத்து சொல்லு."

பாக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு நைலான் மீது பரம்பரைப் பகை மாதிரி ஒரு பகை. கடைக்கு வரும் டேப்ரிக்கார்டரில் பாதி, நைலான் சக்கரம் பல் விழுந்து வந்தவை. பல் விழாத நைலான் வீட்டில் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், அது என் கடைப் படியேறவே ஏறாது என்கிற எளிய விஷயம் அந்த மண்டையில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவன், ஊரில் எல்லாருக்கும் கட்டுப் போட்டிருக்கிறது என்று நம்புவானே, அந்த அறிவு.

"மாமா, இது பால் பல்லு" என்றேன். நானே அசந்துபோகும்படி இருந்தது அந்த வசனம். "கொழந்தை வாய்ல இருக்க வேண்டியது. மாதா தேருக்குப் பால் பல்லோடவா போறது?"

"அப்ப இன்னா போடலாம்ன்ற?"

"இரும்பு."

இரும்பை நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன். மாமாவின் முகம் மலர்ந்தது. அவருக்கும் வாழ்க்கை முழுக்கக் கிரேன்தான். கனமாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறவர். இரண்டு கனமான தலைகள் ஒரு மெல்லிய பாக்கெட்டைத் தோற்கடித்தன.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பல் சக்கரம் வெட்டும் பட்டறையில் என் சிநேகிதன் தனபால் இருந்தான். வேலையைவிட வாய் வேகமாக ஓடும். பல் உதிர்ந்த சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இன்னாடா மச்சான், உன் ஆளுக்குக் கம்மல் செய்யணுமா? இத்துணூண்டு கீது."

"ஏரோப்ளேனுக்குடா."

"ஏரோப்ளேனுக்கா! அத்த மொதல்ல சொல்லு. செத்த மோட்டார் சாஃப்ட்டு ஒண்ணு கீது, அதுல போட்டுத் தர்றேன். நாம சாவோம், பல்லு சாவாது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படிப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு இன்றும் பலவீனம் உண்டு. வாயிலிருந்து வாக்கியம் அழகாக வந்துவிட்டால் வேலையும் அழகாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவேன்.

"மத்த சக்கரமும் போடணுமா, இல்ல இது மட்டுமா?" என்றான்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "உடைஞ்சத மட்டும் மாத்துறதுதான்டா ரிப்பேரு. நல்லா கீறதையும் மாத்துறவன் வியாபாரி."

"கரெக்டு மாமே" என்றான் தனபால். அந்தப் பட்டறையில் அன்றைக்கு இருந்த மொத்த அறிவும் அவ்வளவுதான்.

ஆக, நைலான் சக்கரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு இரும்புச் சக்கரம் குடியேறியது. பாக்கெட்டில் இருந்த முழு செட்டை என் டிராயரில், மிச்ச ஸ்குரூக்களோடு போட்டு மூடினேன். மாமா வீட்டு ஹாலில் சர்வோவை மாட்டி ஓட்டிக் காட்டினேன். முன்பு பூனை போல 'ஸ்ஸ்' என்று ஓடியது, இப்போது 'கிர்ர்ர்' என்று கத்தியது.

"சத்தம் வருதே?" என்றாள் ஸ்டெல்லா.

"அது கம்பீரம்" என்றேன்.

"இன்னொரு தபா ஏரிக்கு எடுத்துனு போய்ப் பாத்துட்டா?" என்றார் மாமா.

"இரும்புக்கு எதுக்கு மாமா டெஸ்ட்டு?"

(இந்த வாக்கியம் நினைவுக்கு வரும்போதெல்லாம், தனியாக இருந்தாலும் கையால் முகத்தை மூடிக்கொள்கிறேன்.)

முதல் ஓலை முடிந்தது. இரண்டாவது ஓலையும் முடிந்தது. மூன்றாவது ஓலைக்கு முந்தின சாயந்திரம் தேர்.

கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்திலிருந்து விமானம் கிளம்பியது. மாமா கையில் ரேடியோ பெட்டி. பக்கத்தில் நான், ஏதோ ராக்கெட் விடுகிற விஞ்ஞானி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. என் பக்கத்தில் ஸ்டெல்லா. தெருவில் தேர் மெல்ல அசைந்து வந்தது. பேண்டு கோஷ்டி பெரிய டிரம்மை மைதானச் சுவர் ஓரமாக இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தது. முன்வரிசையில் லூர்து அத்தை ஜெபமாலையோடு. சற்றுத் தள்ளி, தன் பைக்கில் சாய்ந்துகொண்டு, வெள்ளை சஃபாரியில் ரெஜினால்ட்.

விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. கூட்டம் "ஏ!" என்றது. நான் தலையைச் சற்றே குனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் விமானம் நாங்கள் கேட்காமலே தலையாட்ட ஆரம்பித்தது. ஆமாம் ஆமாம் என்று ஏறி இறங்கியது.

"இன்னாடா இது, நான் ஒண்ணுமே பண்லயே?" மாமா குச்சியை முழுக்க இழுத்தார். விமானம் கேட்கவில்லை. "ஏற மாட்டேன்றாடா! கீழ வர்றாடா!" (பறக்கிற வரை அது 'அது'. கஷ்டம் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டது.)

அந்தக் கணத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் பாதி மானம் மிஞ்சியிருக்கும். ஆனால் நான் மெக்கானிக். எனக்கு உடனே பதில் வந்தது.

"பூவைக் கொட்டிடுங்க மாமா! கனம் கொறையும், ஏறிடும்!"

மாமா பட்டனைத் தட்டினார். தேர் இன்னும் தெருத் திருப்பத்தில்தான் இருந்தது. பெட்டி திறந்து, ரோஜாவும் சாமந்தியும், என்ஜின் ஆயிலில் நன்றாக ஊறி, மொத்தமாக ஒரே இடத்தில் விழுந்தன. ரெஜினால்டின் தலையில். ஒரு இதழ்கூட வீணாகவில்லை.

முன்வரிசையிலிருந்து லூர்து அத்தையின் குரல் எழுந்தது.

"மாதாவே! மாப்ள யாருன்னு காட்டிட்டியே!"

விமானத்தை மறந்து அத்தையைப் பார்த்தேன். அதனால், விமானம் சுவரோரம் இறங்கி வந்து பேண்டு டிரம்மின் தோலைக் கிழித்து உள்ளே மூக்கை நுழைத்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். 'டம்!' அன்றைய சாயந்திரத்தில் சரியான தாளத்தில் விழுந்த ஒரே அடி அது.

ரெஜினால்ட் சஃபாரியில் மஞ்சளும் கறுப்புமாக, தலையில் ஒரு சாமந்தியோடு, நேராக மாமாவிடம் வந்தான். முதல்முறையாக ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"வயசான காலத்துல பொம்மை வெச்சு விளையாடறீங்களே அங்கிள், வெக்கமா இல்ல?"

மாமா அவனைத் தாண்டிப் போனார். டிரம்மிலிருந்து விமானத்தை மெதுவாக உருவி எடுத்து, தோளில் குழந்தையைச் சாய்ப்பது போலச் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

அன்று மாமா வீட்டுத் திண்ணையைக்கூடத் தாண்ட என்னை அனுமதிக்கவில்லை என்று சொன்னால் மிகை. அந்த வீட்டுக்குத் திண்ணையே கிடையாது. கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மாமா கழற்றிய சர்வோவைக் கம்பி வழியாக நீட்டினார். "தொறந்து பாரு, உன் கம்பீரத்த."

திறந்தேன். இரும்புச் சக்கரம் அப்படியே பளபளவென்று இருந்தது. தனபால் சொன்னது சத்தியம், பல் சாகவில்லை. ஆனால் அது தன் இரண்டு பக்கத்து நைலான் சக்கரங்களையும் தின்று தீர்த்திருந்தது. பெட்டி முழுக்கத் துருவிய தேங்காய் மாதிரி வெள்ளைத் தூள். நைலானோடு நைலான் சுற்றும், உலோகத்தோடு உலோகம் சுற்றும். பெட்ரோல் என்ஜின் உதறலுக்கு நைலான் சீக்கிரம் தேயும் என்று நான் நினைத்ததுகூடத் தப்பில்லை. அப்படியானால் ஒரே கம்பெனியின் உலோகச் சக்கரம் முழு செட்டாக வாங்கி வரச் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் ஒரு ரவுடியைக் குடிவைத்தால் தெரு என்ன ஆகும்? விஷயம் அவ்வளவுதான். ஒரு சாயந்திரம் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை, பூசைக்கு முன்னால், லூர்து அத்தை ஓலையை நிறுத்தச் சொல்லிச் சாமியார் அறைக்குள் நுழைந்துவிட்டார். பின்னாலேயே மாமா, ஸ்டெல்லா. செய்தி கேட்டு நானும் சட்டை பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"தடை இருக்குன்னு சொல்றீங்க" என்றார் சாமியார். "என்ன தடை? பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல ஃபாதர்."

"ரத்த சொந்தமா?"

"இல்ல ஃபாதர். பல்ல மாத்திட்டான்."

"யாருக்கு?"

"ஏரோப்ளேனுக்கு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் கோளாறு ஒன்றுமில்லை.

"ஃபாதர், மாதாவே பூவைப் போட்டு ரெஜினால்டக் காட்டினாங்க. ஊரே பாத்துச்சு" என்றார் அத்தை.

"பூவ மாதா போடலம்மா" என்றாள் ஸ்டெல்லா. "இவருதான் போடச் சொன்னாரு. பக்கத்துல நின்னு நான் கேட்டேன். கனம் கொறைஞ்சா ஏறிடுமாம்."

"பாத்தீங்களா ஃபாதர்! அறிவு இருந்தா இப்டி சொல்லுவானா?"

"அறிவு இல்லன்னு சொல்லு, ஒத்துக்கறேன்" என்றாள் ஸ்டெல்லா, என் பக்கம் திரும்பாமலே. "ஆனா அறிவில்லாதது ஒரு தடைன்னா, இந்தக் கோயில்ல ஒரு ஓலையும் படிக்க முடியாது."

சாமியார் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

நான் மாமாவைப் பார்த்தேன். நேற்று சபதம் உடைந்தவர் அவர். முடிவும் அவர் கையில்தான் இருந்தது. அவர் என் சட்டையின் கோணல் பட்டனைப் பார்த்தார்.

"இவன் என் ப்ளேனைக் கெடுத்தான்" என்றார் கடைசியில். "ஆனா ஒரு தபா கூட அத்த பொம்மைன்னு சொல்லல. படிங்க ஃபாதர்."

அத்தை ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார். மாமா என் பக்கம் விரலை நீட்டினார்.

"கண்ணாலம் பண்ணிக்க. ஆனா என் ஊட்டுக்குள்ள உன் கையில ஸ்குரூ டிரைவர நான் பாக்கக் கூடாது. சாவுற வரைக்கும்."

"இதையும் ஓலையோட சேர்த்து வாசிக்கவா?" என்றார் சாமியார்.

அவர் வாசிக்கவில்லை. ஆனால் பூசை முடிவதற்குள் எப்படியோ பங்கு முழுக்கத் தெரிந்திருந்தது. அடுத்த வருஷம் மாமா உலோகச் சக்கரம் முழு செட் வரவழைத்து, தானே மாட்டி, ஏரியில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மாதா தேர்மேல் சரியாகப் பூவைக் கொட்டினார். நான் அதைக் கோயில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பேண்டு கோஷ்டி வைத்த நிபந்தனை அது.

நிபந்தனைகள் எங்கள் குடும்பத்தில் காலாவதி ஆவதில்லை. இன்றைக்கும் மாமனார் வீட்டில் ஃபேன் நின்றால், நான் அதன் அடியிலேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வெளியிலிருந்து ஆள் வருவார். போன மாதம் சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. லூர்து அத்தை என்னைத் தாண்டிப் போய், திருமழிசையிலிருக்கும் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார். அவர் வந்து மிக்ஸியைக் கவிழ்த்துத் திறந்தார். காலங்காலமாக இந்தத் தொழிலில் இருப்பவனுக்குக் கழுத்து தானாக நீளாதா? லேசாக எட்டிப் பார்த்தேன். பேசக்கூட இல்லை, தொண்டையைத்தான் செருமினேன்.

அத்தை என் தோளை மெதுவாகத் தொட்டார். இப்போதெல்லாம் ரொம்ப மரியாதை.

"மாப்ளே, நீங்க கொஞ்சம் அந்தாண்ட போய் உக்காருங்க. மிக்ஸி பயப்படுது."